கர்ப்பிணிகளை நடக்க வைக்கும் குறுஞ்செய்தி: புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

"தினமும் நடங்கம்மா" என்று செக்கப்பில் சொன்னால் "சரிங்க சிஸ்டர்" என்று தலையாட்டுவார்கள். அடுத்த மாதம் வரும்போது கேட்டால் "எங்க சிஸ்டர், நேரமே இல்லை" என்பார்கள். நடப்பது நல்லது என்று தெரியாத கர்ப்பிணியை இன்றைக்குப் பார்ப்பது அரிது. எத்தனை மணிக்கு நடப்பது, எங்கே நடப்பது, மாமியார் என்ன சொல்வார், மூத்த பிள்ளையை அதுவரை யார் பார்த்துக்கொள்வது, இதெல்லாம்தான் அவர்களை நிறுத்துகிறது. அதனால் நீங்கள் அனுப்பப் போகும் செய்தியில் அறிவுரையைக் குறைத்து, வேளையையும் இடத்தையும் வையுங்கள். மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலை பார்க்கும் செவிலியர், சின்ன கிளினிக் நடத்தும் டாக்டர், பிசியோதெரபிஸ்ட், தன்னார்வலர், இவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். இருபது முப்பது பேருக்கு அனுப்ப ஒரு செல்போனும் ஒரு நோட்டும் போதும். செயலியோ பெரிய செலவோ வேண்டாம்.

இது புதிய யோசனையும் அல்ல. அமெரிக்காவில் 'டெக்ஸ்ட் ஃபார் பேபி' 2010இல் தொடங்கியது. தென்னாப்பிரிக்க அரசின் 'மாம்கனெக்ட்' 2014இல் வந்தது. நம் நாட்டில் மத்திய சுகாதார அமைச்சகத்தின் 'கில்காரி' 2016 முதல், நான்காம் மாதத்திலிருந்து குழந்தைக்கு ஒரு வயது ஆகும்வரை வாரம் ஒரு பதிவுக் குரல் அழைப்பாகப் போகிறது. நடமாட்டத்தைப் பொறுத்தவரை எனக்குப் பயன்பட்டது மெல்போர்னில் 100 கர்ப்பிணிகளிடம் நடந்த 'டெக்ஸ்ட் ஃபார் டூ' என்ற சோதனை. எடை கூடுதலாக இருக்கும்போதே கர்ப்பமானவர்கள் அவர்கள். 2017இல் முடிவு வெளியானது. உணவு ஆலோசனையோடு செல்போன் செய்திகளும் பெற்றவர்களுக்குக் கர்ப்பகாலத்தில் கூடிய எடை சராசரியாக 7.8 கிலோ, வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களுக்கு 9.7 கிலோ. மாதம் ஏற ஏற இரண்டு தரப்பிலும் நடமாட்டம் குறைந்துகொண்டுதான் வந்தது. செய்தி பெற்றவர்களிடம் அந்தக் குறைவு சிறியதாக இருந்தது, அவ்வளவுதான். எனவே வாராவாரம் கூடிக்கொண்டே போகும் இலக்கு எதையும் வைக்காதீர்கள். ஐந்தாம் மாதம் நடந்தவர் எட்டாம் மாதமும் ஏதோ கொஞ்சம் நடந்துகொண்டிருந்தால், அதுவே நீங்கள் எதிர்பார்க்க வேண்டிய வெற்றி.

பட்டியல் போடும் முன் டாக்டரிடம் போங்கள்

உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதல், சிக்கல் இல்லாத கர்ப்பிணிகள் வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் மிதமான உடலுழைப்பு செய்யலாம் என்கிறது. ஐந்து நாளுக்குப் பிரித்தால் நாளுக்கு அரைமணி நேரம். தொடர்ந்து 10 நிமிடமாவது செய்தால்தான் கணக்கு என்று 2010இல் இருந்த நிபந்தனையை இந்த முறை எடுத்துவிட்டார்கள். நமக்கு இது பெரிய வசதி. ஐந்து நிமிடம் நடந்தாலும் கணக்கில் சேரும் என்று தைரியமாக எழுதலாம்.

'சிக்கல் இல்லாத' என்ற சொல்லைத் தாண்டிப் போய்விடாதீர்கள். நஞ்சுக்கொடி (பிளசன்டா) கீழே இறங்கிக் கர்ப்பவாயை மறைத்திருப்பதாக ஸ்கேனில் வந்தவர், கர்ப்பவாயில் தையல் போட்டிருப்பவர், ரத்தக்கசிவு இருப்பவர், பனிக்குடம் உடைந்தவர், மாதம் நிறையும் முன்பே வலி வந்து மருந்தில் இருப்பவர், கர்ப்பகால ரத்த அழுத்தம் ஏறியவர், இதய நோய் உள்ளவர், இவர்களில் யாருக்கும் டாக்டர் எழுதிக் கொடுக்காமல் நடைச் செய்தி போகவே கூடாது. ரத்தசோகையைத் தனியாகச் சொல்ல வேண்டும். 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பில் இந்தியக் கர்ப்பிணிகளில் 52.2 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருந்தது. உங்கள் பட்டியலிலும் பாதிப் பேருக்கு இருக்கும் என்று வைத்துக்கொண்டே தொடங்குங்கள். லேசாக இருந்தால் மெதுவாக நடக்கத் தடையில்லை. ஹீமோகுளோபின் 7க்குக் கீழே போனவருக்கு முதலில் சிகிச்சை. நாலடி நடந்தாலே மூச்சு வாங்குபவரிடம் 'நடந்தாச்சா?' என்று கேட்பது அவரை வதைப்பதாகும்.

ஆகவே நோட்டில் ஒவ்வொருவர் பெயருக்கும் எதிரே டாக்டரின் சம்மதம், கடைசி மாதவிடாய் தேதி, ஹீமோகுளோபின், பிபி, சுகர், பார்க்கும் வேலை ஆகியவற்றை எழுதிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு செக்கப்புக்குப் பிறகும் திருத்துங்கள். போன மாதம் நடக்கலாம் என்றவருக்கு இந்த மாதம் பிபி ஏறியிருக்கும். அரசு மருத்துவமனைகளில் மாதாமாதம் 9ஆம் தேதி நடக்கும் கர்ப்பிணிகள் பரிசோதனை முகாம் புதியவர்களைச் சேர்க்கவும் பழையவர்களைத் திருத்தவும் நல்ல நாள்.

வேலையை ஏன் எழுதச் சொல்கிறேன் என்றால், எல்லாருக்கும் ஒரே செய்தி பொருந்தாது. ஜவுளிக்கடையில் காலை முதல் இரவு வரை நின்றுவிட்டு வருபவருக்கும், மில்லில் ஷிஃப்ட் பார்ப்பவருக்கும், நாற்று நடப் போகிறவருக்கும் நடக்கச் சொல்லி அனுப்பாதீர்கள். அவர்களுக்குத் தேவை காலை நீட்டி உட்கார ஒரு நினைவூட்டல், கெண்டைக்காலுக்கு ஒரு சின்னப் பயிற்சி, தண்ணீர். கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021இல் சட்டமே வந்திருக்கிறது. 'வாடிக்கையாளர் இல்லாதப்ப உட்காருங்க, அது உங்க உரிமை' என்று அனுப்பினால் அதுவும் நல்ல செய்திதான்.

அது யாருடைய போன்?

செக்கப் அட்டையில் இருக்கும் எண்ணை அப்படியே எடுத்துக்கொண்டு அனுப்ப ஆரம்பிக்காதீர்கள். பல வீடுகளில் அது கணவரின் எண். காலையில் வேலைக்குப் போகும்போது போனும் அவரோடு போய்விடும். நீங்கள் பதினோரு மணிக்கு அனுப்பியதை அந்தப் பெண் இரவு பார்ப்பார், அல்லது பார்க்கவே மாட்டார். நேரில் கேளுங்கள்: "இந்த போன் பகல்ல யார்கிட்ட இருக்கும்மா? மெசேஜ் வந்தா நீங்களே படிப்பீங்களா, யாராவது படிச்சுச் சொல்லுவாங்களா?" படிக்கத் தயங்குபவருக்குக் குரல் பதிவு அனுப்புங்கள். அவரிடம் எழுத்து, படிப்பு என்று துருவ வேண்டாம். "வாய்ஸா அனுப்பட்டுமா, எழுதி அனுப்பட்டுமா?" என்றாலே வேண்டியதைச் சொல்லிவிடுவார்.

சம்மதத்தை வாயால் கேட்டு நோட்டில் தேதியோடு எழுதுங்கள். 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இதைத்தான் எதிர்பார்க்கிறது. கர்ப்பத்தை இன்னும் வெளியே சொல்லாதவர்கள் இருப்பார்கள். மூன்று மாதம் முடியட்டும் என்று காத்திருக்கும் குடும்பங்கள் நம்மிடம் அதிகம். அவர்களுக்குப் போகும் செய்தியில் 'கர்ப்பம்', 'குழந்தை' என்ற சொற்களே வேண்டாம். போன் மேசையில் கிடக்கும்போது திரையில் மின்னுவதை யார் வேண்டுமானாலும் படிக்கலாம்.

செய்தியை எழுதுவது

இங்கேதான் நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நல்ல செய்தியில் ஒரே ஒரு வேலைதான் இருக்க வேண்டும். அந்த வேலை ஏற்கெனவே அந்தப் பெண்ணின் நாளில் இருக்கும் ஏதோ ஒன்றில் ஒட்டிக்கொண்டிருக்க வேண்டும். 'இது நடந்தால் அதைச் செய்வேன்' என்று முன்கூட்டியே மனதில் முடிச்சுப் போட்டுக்கொண்டவர்கள் சொன்னதைச் செய்து முடிக்கிறார்கள் என்பதை உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1990களிலிருந்து ஆராய்ந்து காட்டியிருக்கிறார். நம் வீடுகளில் அப்படி முடிச்சுப் போட இடத்துக்கா பஞ்சம்?

'குக்கர் வெச்சாச்சா? மூணு விசில் வரைக்கும் வீட்டுக்குள்ளேயே நடங்க.'

'சீரியல்ல விளம்பரம் வந்தா எழுந்திருங்க. விளம்பரம் முடியற வரை நடை.'

'பாப்பாவை ஸ்கூல்ல விட்டுட்டு வரும்போது ஒரு தெரு சுத்தி வாங்க.'

பேச்சுத் தமிழில் எழுதலாமா என்று தயங்க வேண்டாம். எதிரில் உட்கார்ந்திருந்தால் எப்படிச் சொல்வீர்களோ அப்படி எழுதினால் போதும். 'மிதமான தீவிர உடற்பயிற்சியில் ஈடுபடவும்' என்று எழுதினால் அது அரசாணை மாதிரி இருக்கும். எவ்வளவு வேகம் என்று சொல்ல வேண்டுமென்றால் 'பேச முடியணும், பாட முடியக் கூடாது. அந்த வேகம் போதும்' என்பது எல்லாருக்கும் புரியும்.

எஸ்எம்எஸ் அனுப்புகிறவர்களுக்கு எழுத்துக் கணக்கு முக்கியம். ஆங்கில எழுத்தில் ஒரு எஸ்எம்எஸ் 160 எழுத்து வரை கொள்ளும். ஒரே ஒரு தமிழ் எழுத்து கலந்தாலும் முழுச் செய்தியும் 70 ஆகச் சுருங்கிவிடும். 70ஐத் தாண்டினால் 67, 67 ஆகத் துண்டாகும், ஒவ்வொரு துண்டுக்கும் தனிக் கட்டணம். அதோடு போன் எண்ணும் விதமும் நாம் எண்ணும் விதமும் வேறு. 'நடந்தீர்களா' என்பது நம் கண்ணுக்கு ஏழு எழுத்து. போனுக்கு 11. புள்ளியும் கொம்பும் காலும் சுழியும் தனித்தனியாக எண்ணப்படும். ஸ்மைலி ஒன்று போட்டால் இரண்டு போய்விடும். அதனால் கீழே உள்ளது போன்ற ஒன்று கையில் இருப்பது நல்லது:

'சாப்பிட்டாச்சாம்மா? மாடியில் 10 நிமிடம் நடக்கலாமா? 1 ஆம் 2 இல்லை'

போன் கணக்கில் இது 64 எழுத்து. சாப்பாடு என்ற வேளை, மாடி என்ற இடம், பத்து நிமிடம் என்ற அளவு, பதில் சொல்ல வழி, எல்லாம் ஒரே எஸ்எம்எஸ்சில் வந்துவிட்டது. மாடி இல்லாத வீட்டுக்கு வாசல், வராந்தா, கோயில் பிரகாரம் என்று மாற்றிக்கொள்ளுங்கள். நோட்டில் இடத்தையும் எழுதி வைத்தால் இது எளிது.

எழுதக் கூடாதவையும் உண்டு. பயமுறுத்தாதீர்கள். எடையைப் பற்றிப் பேசாதீர்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, 'நடந்தால் சுகப்பிரசவம்' என்று ஒருபோதும் எழுதாதீர்கள். கேட்க நன்றாக இருக்கும், ஆனால் முன்பு சொன்ன 2019-21 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன். குழந்தையின் நிலை, பிபி, முந்தைய ஆபரேஷன் என்று எத்தனையோ காரணம் அதற்கு. நடந்தும் சிசேரியன் ஆன பெண், தான் சரியாக நடக்கவில்லை என்று தன்னையே குறை சொல்லிக்கொண்டு படுத்திருப்பார். அந்தக் குற்ற உணர்ச்சியை அவர் கையில் கொடுக்க நமக்கு உரிமை இல்லை. இன்று ராத்திரி தூக்கம் நன்றாக வரும், மலச்சிக்கல் குறையும், முதுகு கொஞ்சம் லேசாகும் என்று அன்றாடம் கண்ணுக்குத் தெரியும் பலனைச் சொல்லுங்கள்.

சுகர் உள்ளவர்களுக்கு மட்டும் இன்னும் நேராகப் பேசலாம். 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து எடுக்கும் ரத்தப் பரிசோதனையில் 140 அல்லது அதற்கு மேல் வந்தால் கர்ப்பகால நீரிழிவு என்ற எளிய முறையைப் பரப்பியதில் சென்னை மருத்துவர் வி. சேஷய்யாவுக்குப் பெரும் பங்கு உண்டு. தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் இந்தப் பரிசோதனை செய்வது அப்படித்தான் வழக்கமானது. சாப்பிட்ட பிறகு பத்துப் பதினைந்து நிமிடம் நடப்பது உணவுக்குப் பின் ஏறும் சுகரைத் தணிக்கும். இவர்களுக்குச் செய்தி நேரமே மருந்து நேரம் மாதிரி. மூன்று வேளைச் சாப்பாட்டுக்குப் பிறகும் ஒவ்வொரு சின்ன நினைவூட்டல் போகலாம். இன்சுலின் போடுகிறவராக இருந்தால் மட்டும் டாக்டரிடம் கேட்டு, கையில் ஏதாவது இனிப்பு வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

எத்தனை மணிக்கு, எத்தனை முறை

வாரத்துக்கு மூன்று அல்லது நான்கு செய்தி போதும். தினமும் அனுப்பினால் இரண்டாவது வாரமே கண் அதைத் தாண்டிப் போகும். நேரத்தை அவரையே கேட்டுக் குறியுங்கள்.

ஊர் வழக்கத்தையும் மதிக்க வேண்டும். உச்சிப்பொழுதிலும் விளக்கு வைக்கும் நேரத்திலும் கர்ப்பிணியை வெளியே அனுப்பாத வீடுகள் ஏராளம். ஆறு மணிக்கு 'வெளியே போய் நடங்க' என்று வந்தால் அந்தச் செய்தி மாமியாரோடு சண்டைதான் வாங்கித் தரும். அஞ்சு மணிக்கு அனுப்புங்கள், இல்லாவிட்டால் ஏழரைக்கு மாடியில். கிரகணத்தன்று வீட்டுக்குள் செய்யும் பயிற்சியை அனுப்புங்கள். நம்பிக்கையோடு வாதம் செய்வதற்கு எஸ்எம்எஸ் இடமல்ல. சித்திரை, வைகாசி வெயிலில் காலை ஏழு மணிக்கு முன்பு அல்லது வெயில் முழுதும் தாழ்ந்த பிறகு மட்டும். உடல் சூடேறுவது கர்ப்பிணிக்கு ஆகாது. அந்த நாட்களில் ஒவ்வொரு செய்தியிலும் தண்ணீர் இருக்கட்டும்.

மாதத்தைப் பொறுத்தும் மாற்ற வேண்டும். முதல் மூன்று மாதம் மசக்கையும் அசதியும். 'இன்னைக்கு முடிஞ்சா அஞ்சு நிமிஷம், முடியலைன்னா படுத்துக்கோங்க' என்ற அளவில் நிறுத்துங்கள். நான்கிலிருந்து ஏழு வரை நன்றாக நடக்கும் காலம், பழக்கத்தை அப்போது பிடித்துக்கொள்ளலாம். நான்காம் மாதத்துக்குப் பிறகு மல்லாந்து படுத்துச் செய்யும் பயிற்சி வேண்டாம். எட்டு, ஒன்பதில் இடுப்பு வலியும் கால் வீக்கமும் வரும். நடையைத் துண்டு துண்டாக்குங்கள், உட்கார்ந்தபடியே, சிறுநீரை அடக்க உதவும் இடுப்புத்தளத் தசையை இறுக்கி விடும் பயிற்சியைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ வளைகாப்பு முடிந்ததும் பெண் அம்மா வீட்டுக்குப் போய்விடுவார். பலருடைய திட்டம் உடைவது இங்கேதான். வேறு ஊர், வேறு மாடி, ஒருவேளை வேறு போன். அம்மா வீட்டில் 'நீ உட்காரு கண்ணு' என்று ஒரு டம்ளரைக்கூட எடுக்க விடமாட்டார்கள். நடமாட்டம் ஒரே நாளில் பாதியாகிவிடும். வளைகாப்பு தேதியை முன்கூட்டியே கேட்டு நோட்டில் எழுதுங்கள். போன அடுத்த நாளே கூப்பிட்டு, புதிய இடம், புதிய நேரம், யார் கூட நடப்பார் என்று விசாரித்துவிட்டுச் செய்தியை மாற்றுங்கள்.

பதில் வந்தால்தான் வேலை ஆரம்பம்

செய்தி அனுப்புவது சுலபம். வரும் பதிலை அன்றைக்கே படிக்க ஆள் இல்லையென்றால் பதில் கேட்கவே கேட்காதீர்கள். வாரம் இரண்டு நாளாவது இப்படி அனுப்பலாம்:

'நடந்தாச்சுன்னா 1, முடியலைன்னா 2, உடம்பு சரியில்லைன்னா 3'

குறைந்த விலை ரீசார்ஜ் சிலவற்றில் எஸ்எம்எஸ் வெளியே போகாது. அவர்கள் மிஸ்டு கால் கொடுத்தால் 1 என்று வைத்துக்கொள்ளலாம்.

1 வந்தால் ஒரு வரி பாராட்டு. 'சூப்பர்ம்மா' போதும். நீட்டினால் பள்ளிக்கூட வாத்தியார் போல ஆகிவிடும்.

2 தொடர்ந்து வந்தால் இன்னொரு செய்தி அனுப்பாதீர்கள், கூப்பிடுங்கள். ஒரு பெண் வரிசையாக 2 அனுப்பிக்கொண்டே இருந்தார். கூப்பிட்டால், "நடக்க ஆசைதான் சிஸ்டர், எங்க தெரு முனையில நாய் இருக்கு. வயித்தைத் தூக்கிட்டு ஓட முடியுமா?" என்றார். நாய்க்கு எந்த ஊக்கச் செய்தியும் பதில் அல்ல. வீட்டுக்காரர் அம்மாவிடம் மாடிச் சாவியைக் கேட்டு வாங்கச் சொன்னோம், அவருக்குப் போகும் செய்தியில் 'தெரு' போய் 'மாடி' வந்தது. அதற்குப் பிறகு 1 வர ஆரம்பித்தது. 2க்குப் பின்னால் பெரும்பாலும் இப்படி ஒரு நாயோ, இருட்டோ, துணையில்லாமையோ இருக்கும். 'இரட்டை உயிர், அலையாதே' என்று தடுக்கும் பெரியவரும் இருப்பார். 'குனிஞ்சு நிமிர்ந்து வேலை செஞ்சாலே போதும், வாக்கிங் எதுக்கு' என்பவரும் இருப்பார். அந்தப் பெரியவரோடு நீங்களே பேசுங்கள். "அம்மா, டாக்டர் பார்த்துச் சொன்னதுதான். நீங்களும் கூடப் போனா உங்க முட்டிக்கும் நல்லது" என்றால் பலர் இறங்கி வருவார்கள்.

கணவருக்கும் வாரம் ஒரு செய்தி அனுப்புங்கள், பெண்ணின் சம்மதத்தோடு. 'நடக்கச் சொல்லுங்க' என்று அவரிடம் சொல்லாதீர்கள், அது அதட்டலாக வீட்டுக்குள் போகும். அவருக்கு ஒரு வேலை கொடுங்கள்: 'இன்னைக்கு ராத்திரி பாத்திரம் நீங்க கழுவுங்க. அந்த 15 நிமிஷம் அவங்க நடக்கட்டும்.'

3 வந்தால் கையில் இருக்கும் வேலையைப் போட்டுவிட்டுக் கூப்பிட வேண்டும். ரத்தக்கசிவு, பனிக்குட நீர் போவது, விட்டு விட்டு வரும் வயிற்று வலி, நெஞ்சு வலி, தலைசுற்றல், கடும் தலைவலி, கண் மங்குதல், ஓய்வில் இருக்கும்போதே மூச்சு வாங்குவது, ஒரு பக்கக் கெண்டைக்காலில் மட்டும் வீக்கம் அல்லது வலி, குழந்தை அசைவு குறைவது, இவற்றில் ஒன்று இருந்தாலும் நடை நின்றது, உடனே மருத்துவமனை. வண்டி இல்லையென்றால் 108. இந்த அறிகுறிகளைச் சேர்க்கும் நாளிலேயே தாளில் அச்சடித்துக் கையில் கொடுங்கள். ராத்திரி உங்கள் போன் அணைந்திருக்கலாம். 'அவசரம் என்றால் எனக்குக் காத்திருக்க வேண்டாம், 108க்கு அடிங்க' என்பதை முதல் செய்தியாகவே அனுப்பிவிடுங்கள். ஆலோசனை கேட்க 104 எண்ணும் இருக்கிறது.

எந்த வழியாக அனுப்புவது

பத்து இருபது பேர் என்றால் உங்கள் போனிலிருந்தே அனுப்பலாம். கூகுள் மெசேஜஸ் செயலியில் அனுப்பும் பொத்தானை அழுத்திப் பிடித்தால் நேரம் குறித்து வைக்கும் வசதி வரும். ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து வாரத்துக்கானதைக் குறித்துவிடலாம்.

வாட்ஸ்அப்பில் குரூப் தொடங்காதீர்கள். ஒருவர் எண்ணை மற்றவர் எல்லாரும் பார்ப்பார்கள், கர்ப்பம் என்பதும் எல்லாருக்கும் தெரியும். ஒருவர் '30 நிமிஷம் நடந்தேன்' என்று போட்டால் படுத்த படுக்கையாக இருப்பவர் மனம் கஷ்டப்படுவார். பிராட்காஸ்ட் லிஸ்ட் போடுங்கள், ஒவ்வொருவருக்கும் தனியாகப் போகும். உங்கள் எண்ணை அவர்கள் போனில் சேமித்திருந்தால்தான் அது சேரும். அதனால் சேர்க்கும்போதே எதிரில் உட்கார்ந்து சேமிக்க வையுங்கள்.

நூற்றுக்கணக்கில் கம்ப்யூட்டர் வழியாக எஸ்எம்எஸ் அனுப்புவதென்றால், தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2018இல் கொண்டுவந்த விதிமுறைப்படி, மொத்தமாக எஸ்எம்எஸ் அனுப்புகிறவர்கள் பதிவு செய்யும் டி.எல்.டி. என்ற இணையத் தளத்தில் நிறுவனத்தையும், அனுப்புநர் பெயரையும், செய்தி வாசகத்தையும் பதிவு செய்து ஒப்புதல் வாங்க வேண்டும். ஒப்புதலான வாசகத்தில் இஷ்டத்துக்குக் கை வைக்க முடியாது. அதனால் அவசரப்பட்டுப் பதிவு செய்ய வேண்டாம். ஒரு மூன்று மாதம் கையால் அனுப்பிப் பார்த்து, எந்த வரிக்குப் பதில் வருகிறது என்று தெரிந்த பிறகு அந்த வரிகளைப் பதிவு செய்யுங்கள்.

நிறுத்துவது

எப்படி நிறுத்துவது என்பதை ஆரம்பிக்கும் முன்பே தீர்மானித்துவிடுங்கள். 'வேண்டாம்' என்று ஒரு சொல் அனுப்பினால் அன்றோடு நிற்க வேண்டும், காரணம் கேட்கக் கூடாது.

கர்ப்பம் கலைந்தவருக்கு, குழந்தை வயிற்றிலேயே இறந்தவருக்கு, அடுத்த செவ்வாய்க்கிழமை 'சாப்பிட்டாச்சாம்மா, நடக்கலாமா?' என்று போய்விடக் கூடாது. இந்த வேலையில் நேரக்கூடிய மிகக் கொடுமையான தவறு அதுதான். அதைத் தடுப்பது முழுக்க நம் கையில் இருக்கிறது. மாம்கனெக்டில் இழப்பைத் தெரிவித்தால் செய்திகளை நிறுத்தவோ, ஆறுதல் செய்திகளுக்கு மாறவோ வழி வைத்திருக்கிறார்கள். நம் அளவில் அதற்கு ஒரே வழி, பிரசவ வார்டிலும் ஸ்கேன் அறையிலும் உள்ளவர்களோடு பேசி வைப்பது. இழப்பு நேர்ந்தால் முதலில் உங்களுக்குத் தகவல் வர வேண்டும். நேரம் குறித்து வைத்த செய்திகள் எல்லாம் அன்றைக்கே ரத்தாக வேண்டும். வாரம் ஒருமுறை, அனுப்பும் முன், நோட்டை வார்டு பதிவேட்டோடு ஒப்பிடுவதை ஒருவர் பொறுப்பாக எழுதி வையுங்கள். அந்தப் பெண்ணுக்கு அதன் பிறகு போக வேண்டியது செய்தி அல்ல, நேரில் ஒரு ஆள்.

நல்லபடியாகப் பிரசவம் ஆனவருக்கு ஒரு வாழ்த்து, அதோடு நடைச் செய்தி முடிகிறது. மறுபடி எப்போது நடக்கலாம் என்பது சுகப்பிரசவத்துக்கும் சிசேரியனுக்கும் வேறு வேறு. பிரசவத்துக்குப் பிந்தைய செக்கப்பில் டாக்டர் சொன்ன பிறகு, அந்தப் பெண் விரும்பினால், புதிய பக்கத்தில் புதிய சம்மதத்தோடு சேர்த்துக்கொள்ளுங்கள். பழைய பக்கத்தைக் கிழித்து அழித்துவிடுங்கள். போனிலிருந்தும் பிராட்காஸ்ட் லிஸ்டிலிருந்தும் அந்த எண்ணை எடுத்துவிடுங்கள்.